சத்தம் வருகிறது, படம் வரவில்லை: எல்இடி டிவியின் பேக்லைட் கோளாறைக் கண்டறிவது எப்படி?

பெரம்பூரில் இருக்கும் என் அத்தை வீட்டு 32 அங்குல எல்இடி டிவி, ஒரு நாள் மாலை செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே இருண்டுபோனது. செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் தடையின்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியைத் திறக்காமலேயே, பேனல் போய்விட்டது, புது டிவி வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் நான் சென்றபோது, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த அந்தச் சிறு வட்டத்துக்குள், பழைய போட்டோ நெகட்டிவைப் பார்ப்பதுபோல மங்கலாக, ஒரு பெண்ணின் முகம் அசைந்தது. பின்னால் நின்ற அத்தை, "உள்ள ஆள் இருக்காங்கடா!" என்றார். பேனல் போகவில்லை, அதற்குப் பின்னாலிருந்த விளக்குதான் போயிருந்தது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்இடி டிவியில் படத்தைக் காட்டும் எல்சிடி பேனல் தானாக ஒளி விடுவதில்லை. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை எந்த இடத்தில் விடுவது, எந்த இடத்தில் தடுப்பது என்பதை மட்டுமே அது செய்கிறது. அந்த ஒளியைத் தருவது பேக்லைட். முன்பு வந்த எல்சிடி டிவிகளில் மெல்லிய குழல்விளக்குகள் இந்த வேலையைச் செய்தன. இப்போது வரிசையாக எல்இடிகள் பொருத்திய பட்டைகள் செய்கின்றன. மெக்கானிக்குகள் இவற்றை ஸ்ட்ரிப் என்பார்கள். 2006-இல் தொடங்கி அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளில் இருந்த பிக்சர் டியூப், படத்தையும் ஒளியையும் தானே உண்டாக்கியது. திரை இருண்டாலே "டியூப் போயிடுச்சு" என்று முடிவு கட்டும் பழக்கம் அந்தக் காலத்தது. எல்இடி டிவிக்கு அது பொருந்தாது.

ஆகவே முதல் சோதனை டார்ச் சோதனைதான். டிவியை இயக்கி, சத்தம் வருகிறதா, ரிமோட்டில் சேனல் மாறுகிறதா என்று பாருங்கள். மெனு பொத்தானை அழுத்தி, திரையில் பெரிய எழுத்துகள் இருக்க வேண்டிய நிலையை உண்டாக்கிக்கொள்ளுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகே, நேராக அல்லாமல் சாய்வாகப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. கோணத்தை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நிமிடமாவது தேட வேண்டும். மங்கலான உருவமோ எழுத்தோ தெரிந்தால், படத்தை உருவாக்கி அனுப்பும் மதர்போர்டும் பேனலும் வேலை செய்கின்றன என்று நம்பலாம். ஓஎல்இடி டிவிகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் அவற்றில் பேக்லைட் என்பதே கிடையாது. இந்தக் கட்டுரை அவற்றுக்கானது அன்று.

திரை இருளும் விதமும் பல செய்திகளைச் சொல்லும். டிவியைப் போட்டவுடன் ஓரிரு விநாடி படம் நன்றாக வந்து, பிறகு இருண்டால், எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று ஏதோ கோளாறை உணர்ந்து தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். திரையின் ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால், தனித்தனியாக இணைக்கப்பட்ட ஸ்ட்ரிப்களில் ஒன்று போயிருக்கலாம். ஆங்காங்கே வட்டமான வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், எல்இடி மேல் ஒட்டியிருந்த சிறு லென்ஸ் சூட்டில் பசை விட்டு உதிர்ந்திருக்கிறது. படம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால், எல்இடி மேல் உள்ள மஞ்சள் நிறப் பூச்சு சிதைந்துவிட்டது. இன்னும் எரிகிறது என்றாலும் நீண்ட நாள் தாங்காது. மாறாக, திரை வெளிச்சமாக இருந்து படம் மட்டும் இல்லையென்றாலோ, செங்குத்தான கோடுகள் தெரிந்தாலோ, அது பேக்லைட் கோளாறு அன்று; அங்கே ஸ்ட்ரிப் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரே ஒரு எல்இடி போனால் திரை முழுவதும் ஏன் இருள வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். காரணம், அவை பழைய சீரியல் பல்பு மாலையைப் போலத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதுதான். கோயில் திருவிழாவில் மாலையின் ஒரு பல்பு போனால் வரிசையே அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தை வீட்டு டிவியில் ஒவ்வொன்றிலும் 6 எல்இடி கொண்ட 3 ஸ்ட்ரிப்கள், மொத்தம் 18. ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் என்று வைத்தால், முழுத் தொடருக்கும் ஏறக்குறைய 54 வோல்ட் வேண்டும். சில டிவிகளில் 6 வோல்ட் எல்இடிகள் வரும். அப்போது கணக்கு இரட்டிப்பாகும். தொடர் அறுந்தால் டிரைவர் மின்னழுத்தத்தை மேலே மேலே உயர்த்திப் பார்க்கும். எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும்.

திறப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் திருகாணியைத் தொடவே வேண்டாம். அடுத்தது உயிர் தொடர்பானது. பவர் சப்ளை போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிச் சுமார் 325 வோல்ட்டில் தேக்கி வைத்திருக்கும்; சில டிவிகளில் அது 400 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே நிற்கக்கூடும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே எடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் பொறுத்து, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை டிசி (நேர்மின்சார) அளவில் வைத்து அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் அளந்து பாருங்கள். பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால், ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரு ஒயர்களையும் அந்தக் கால்களில் சிறிது நேரம் வைத்து வடியவிட்டு, மீண்டும் அளக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்கவிடும் வழக்கத்தைப் பின்பற்றாதீர்கள்; போர்டும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. சென்னையின் வியர்வைப் பருவத்தில் ஈரக் கையோடு இந்த வேலையில் இறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்மூடியைக் கழற்றியதும், பவர் சப்ளை போர்டிலிருந்து பேனலின் உள்ளே செல்லும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒயர்கள் கொண்ட சிறு கனெக்டரைத் தேடுங்கள். அருகில் எல்இடி பிளஸ், எல்இடி மைனஸ் என்று அச்சிட்டிருக்கும். அதைக் கழற்றி, ஸ்ட்ரிப் பக்கமுள்ள ஒயர்களில் எல்இடி டெஸ்டரை வையுங்கள். இந்தச் சிறு கருவி, தேவையான மின்னழுத்தத்தைத் தானே கண்டறிந்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் தொடர் முழுவதையும் எரிய வைக்கும். டிவிக்கு மின்சாரமே கொடுக்காமல் சோதிக்க முடிவதால், தொடக்கநிலையாளருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் எதனோடும் இணைக்காத நிலையில் அதன் முனைகளில் 300 வோல்ட் வரை இருக்கக்கூடும். முனைகளை விரலால் தொடக் கூடாது. எல்இடிகள் எரிந்து திரை மங்கலாக வெளுத்தால் ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறது, கோளாறு போர்டில் இருக்கிறது. ஒன்றுமே எரியவில்லையென்றால் தொடர் அறுந்திருக்கிறது. கனெக்டரில் பல ஜோடி ஒயர்கள் இருந்தால் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் டயோடு அளவு இதற்கு உதவாது; ஒற்றை 3 வோல்ட் எல்இடியை மங்கலாக எரியவைக்கலாம், பதினெட்டை முடியாது.

மின்சாரம் கொடுத்த நிலையில் அளந்து பழகியவர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். கனெக்டரின் பிளஸ் முனையை அளந்தபடி டிவியை இயக்கினால், மின்னழுத்தம் மேலே எழும்பி உடனே விழுவது தெரியும். அத்தை வீட்டுப் பெட்டியில் மீட்டர் 80-ஐத் தாண்டிவிட்டுச் சரிந்தது. டிரைவர் முயற்சி செய்கிறது, ஸ்ட்ரிப் ஏற்க மறுக்கிறது என்பதற்கு இது சான்று. எழும்பவே இல்லையென்றால், மதர்போர்டிலிருந்து பேக்லைட்டை இயக்கச் சொல்லும் சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது போர்டு வேலை. இதில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம், டெஸ்டரே போதும்.

இனி வருவதுதான் பலரும் டிவியைப் பறிகொடுக்கும் இடம். ஸ்ட்ரிப்பை அடைய வேண்டுமென்றால் பேனலைத் தூக்கியாக வேண்டும். அந்தக் கண்ணாடி மிக மெல்லியது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிலிம் நாடாக்கள் அதைவிட மெல்லியவை. அவற்றில் ஒன்று மடங்கிக் கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு விழும், அல்லது பேனலே பயனற்றுப் போகும். கட்டில் மெத்தையின் மேல் துவைத்த போர்வையை விரித்து வேலை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வெயில் காலத்தில் கடினம்தான், ஆனால் காற்று பேனலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷீட்டுகளைத் தூக்கி எறியும், தூசியையும் உள்ளே சேர்க்கும். முன் சட்டத்தைக் கழற்றிய பின், இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து, பேனலோடு சேர்ந்த போர்டையும் ஒன்றாகத் தூக்கி, சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும். ஒருவராகச் செய்யவே கூடாது. நான் அன்று அத்தை மகனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதான் தூக்கினேன்.

பேனலுக்குக் கீழே இரண்டு மூன்று மெல்லிய ஷீட்டுகளும், அவற்றுக்கு அடியில் ஒளியைச் சீராகப் பரப்பும், பால் நிறத்தில் தடித்த டிஃப்யூசர் தகடும் இருக்கும். எது மேலே, எது கீழே, எந்த மூலையில் வெட்டு இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை பதிந்தால் பின்னர் திரையில் கறையாகத் தெரியும். அதற்கும் கீழே வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், அதன் துளைகளில் லென்ஸ் தொப்பி போட்ட எல்இடிகள். இப்போது டெஸ்டரை ஒவ்வொரு எல்இடியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். அத்தை வீட்டு டிவியில் நடு ஸ்ட்ரிப்பின் நான்காவது எல்இடி மட்டும் எரியவில்லை. லென்ஸை நீக்கிப் பார்த்தபோது, மஞ்சள் பரப்பின் நடுவே கடுகளவு கரும்புள்ளி ஒன்று இருந்தது. சூட்டில் கருகியதன் அடையாளம்.

போன எல்இடியைத் தாண்டிச் செல்லும்படி ஒயரை வைத்துச் சால்டர் செய்து அனுப்புவது கடைகளில் வழக்கம். டிரைவர் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருப்பதால் மற்றவை எரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வயதுடைய, ஒரே சூட்டில் வெந்த மற்ற பதினேழும் அதே நிலையை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேனலைத் தூக்கும் ஆபத்தைவிட, எல்லா ஸ்ட்ரிப்களையும் ஒன்றாக மாற்றிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. புதியதும் பழையதும் கலந்தால் திரையில் வெளிச்சமும் சீராக இருக்காது.

ஸ்ட்ரிப் வாங்க, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குச் செல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேலை நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். டிவியின் மாடல் எண்ணை மட்டும் நம்பாமல், பழைய ஸ்ட்ரிப்பையே கையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலுக்குள்ளேயே வெவ்வேறு ஸ்ட்ரிப் வருவதுண்டு. "அண்ணே, இதே நம்பர் செட்டு இருக்கா?" என்று கேட்டு, அச்சிட்டிருக்கும் எண், நீளம், எல்இடி எண்ணிக்கை, அவற்றுக்கிடையேயான தூரம், கனெக்டர் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 3 வோல்ட்டா, 6 வோல்ட்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அது மாறினால் டிரைவர் சரியாக இயங்காது. கடையிலேயே டெஸ்டர் வைத்து எரித்துக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

பழைய ஸ்ட்ரிப்பை எடுத்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, வெப்பம் கடத்தும் இருபக்க டேப் போட்டு, உலோகத் தகட்டோடு முழுவதும் படியும்படி அழுத்தி ஒட்டுங்கள். எல்இடியின் சூடு அந்தத் தகட்டின் வழியாகத்தான் வெளியேறுகிறது. உதிர்ந்த லென்ஸை ஒட்ட உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி லென்ஸின் மேல் வெள்ளையாகப் படியும். எபாக்ஸி பசை நன்று. எல்லாம் பொருத்திய பின், டெஸ்டரால் மொத்தத் தொடரையும் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் டிஃப்யூசர் தகட்டையும் ஷீட்டுகளையும், எடுத்த படத்தைப் பார்த்தபடி, திரும்ப அடுக்க வேண்டும்.

55 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி, சட்டத்தோடு பேனலை ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல், ஓரத்தில் மட்டும் எல்இடி உள்ள வகை ஆகியவற்றில் தொடக்கநிலையாளர் டார்ச் சோதனையோடும் டெஸ்டர் சோதனையோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவே பெரிய உதவிதான். "டார்ச் அடிச்சுப் பார்த்தேன், படம் தெரியுது. ஸ்ட்ரிப் டெஸ்டர்ல எரியல" என்று சொல்லி டிவியைக் கொடுப்பவரிடம், பேனல் போய்விட்டது என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

புது ஸ்ட்ரிப்களைப் பொருத்திய அன்று மாலையே அத்தை வீட்டு டிவி ஒளிர்ந்தது. படம் வந்ததும் நான் முதலில் போனது பட அமைப்புக்குத்தான். பேக்லைட் 100-இல், நிறங்களைப் பளிச்சென்று காட்டும் விவிட் நிலையில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை. ஸ்டாண்டர்ட் நிலைக்கு மாற்றி, பேக்லைட்டை 50-க்குக் குறைத்தேன். முதலில் மங்கலாக இருக்கிறது என்று சொன்ன அத்தைக்கு, இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. எல்இடியைக் கொல்வது பெரும்பாலும் சூடு. மின்னோட்டம் குறைந்தால் சூடும் குறையும்.