அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணோமா? கார்டை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்த வாரமே அக்கா பையன் லேப்டாப்பை 11-க்கு மாற்றினான். மறுநாள் காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து போன். "மாமா, வைஃபை ஐகானே இல்ல." கடையில் காட்டியிருக்கிறான். வைஃபை கார்டு போச்சு, 2,800 ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் ராத்திரி வரை ஓடின கார்டு சரியாக அப்டேட் ஏறின அன்றைக்குத்தான் சாகணுமா? எடுத்துட்டு வாடா என்றேன்.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, ஆன் செய்ததும் அதையே திரும்ப எடுக்கும். கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில் சரியாகவில்லை என்றால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். சில லேப்டாப்புக்கு இதுவே போதும். எங்களுக்குப் போதவில்லை.

வைஃபை இல்லாமல் எதையும் டவுன்லோட் செய்ய முடியாதே? போனை யுஎஸ்பியில் மாட்டி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். பிளாட்பாரத்தில் வாங்கின கேபிள் பல நேரம் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. போனோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

அடுத்தது, கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டை விட நல்ல ஆயுதம் எனக்குத் தெரியாது. கார்டை இயக்கும் சாஃப்ட்வேருக்குப் பெயர் டிரைவர்; 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாக வரும் சாஃப்ட்வேர் எதையும் தொடாதீர்கள், எல்லாம் குப்பை. மின்ட் ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் நிற்பது போலத்தான், வேறு வழியில்லை. ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்). டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆன் செய்ததும் அழுத்தி பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள் (அதாவது கிளப்புங்கள்). இன்ஸ்டால் வேண்டாம், அப்படியே ஓடும். நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் 'செக்யூர் பூட்' செட்டிங்கில் கை வைக்காதீர்கள். வைத்தால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டுப் பிராணனை வாங்கலாம்.

அங்கே வைஃபை பிடித்தால் கார்டு நன்றாக இருக்கிறது, விண்டோஸ் டிரைவர்தான் வில்லன். பையனுடைய லேப்டாப்பில் வீட்டு வைஃபை உடனே தெரிந்தது. 2,800 மிச்சம்.

இனி விண்டோஸில், உள்ளே இருக்கும் பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜர். கார்டு பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே 'கோட் 10'. எல்லாரும் சொல்வது 'ரோல் பேக் டிரைவர்' அழுத்து என்று. எங்களுக்கு அந்தப் பட்டனே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இங்கேதான் எனக்கு இரண்டு மணி நேரம் போனது. விண்டோஸ் மாறும்போது டிரைவர் புதிதாக ஏறினால், முந்தையது என்று திரும்பிப் போக அதன் கணக்கில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் பட்டன் வேலை செய்யாது. ஆனால் பழைய டிரைவர் டிஸ்க்கிலேயே கிடக்கலாம்.

'அப்டேட் டிரைவர்' அழுத்துங்கள். தானாகத் தேடுவதை விட்டு இரண்டாவதான 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்'. வரும் பக்கத்தில் ஃபோல்டர் எதையும் காட்டாதீர்கள். கீழே இருக்கும் 'லெட் மீ பிக்' வரியைத் தட்டுங்கள். ஒரே பெயரில் இரண்டு வரி வந்தது, வெர்ஷன் மட்டும் வேறு. நான் வழக்கம்போல் மேலே இருந்த புதியதையே இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். பையன்தான், "மாமா, கீழ இருக்கிறது பழசு" என்றான். அதைப் போட்டதும் ஐகான் வந்துவிட்டது.

ஒரே வரிதான் இருக்கிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' பாருங்கள். தொடக்கத்தில் VEN_ என்பதை அடுத்து 8086 என்று இருந்தால் இன்டெல், 10இசி (10EC) என்றால் ரியல்டெக் செய்த கார்டு. அதை வைத்து லேப்டாப் கம்பெனியின் தளத்தில் எடுங்கள். விண்டோஸ் 10 டிரைவரே பெரும்பாலும் 11-லும் ஓடும். பிறகு அப்டேட்டை ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போடும்.

சேர்க்கை: காசிமேட்டிலிருந்து ஒருவர், மின்ட்டிலும் வைஃபை வரவில்லையே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சில புது கார்டுக்கு லினக்ஸிலும் டிரைவர் இருக்காது. மின்ட்டில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' (lspci) அடிக்கச் சொன்னேன். பட்டியலில் கார்டு பெயர் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவருக்குப் பெயரே வரவில்லை. திறந்து பார்த்தால் கார்டின் தங்கநிறப் பற்களில் கருப்பேறியிருந்தது, கடற்காற்று வேலை. பாவம், அப்டேட் மேல் பழி. பென்சில் லப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, திரும்ப மாட்டினார், வந்துவிட்டது. செய்வதானால் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கார்டில் கருப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர் இருக்கும். இழுக்காமல் நேராக மேலே நெம்புங்கள், திரும்ப அழுத்தும்போது 'டிக்' என்று விரலுக்குத் தெரியணும்.