முதலாம் ஆண்டு மாணவர்களை நிலைத்தன்மை அறிவியல் பேசி வரவேற்பது எப்படி? வடசென்னைக் கல்லூரிகளுக்கு

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வரவேற்பு நிகழ்ச்சி வைக்க வேண்டும், அதில் சுற்றுச்சூழல் பற்றியும் ஏதாவது இருக்கட்டும் என்று உங்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்களா? ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு மரக்கன்று, பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி, முடிந்தது கதை என்று மட்டும் போய்விடாதீர்கள். எண்ணூர், திருவொற்றியூர், மணலி, கொடுங்கையூர் பக்கமிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று உபதேசம் செய்தால், அவர்கள் தினமும் மூச்சில் இழுக்கிற காற்றைப் பற்றி நமக்கு அக்கறையே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது நியாயமும்கூட.

முதலில் நீங்கள் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற பேச்சு 1987-ல் ஐ.நா. ஆணையத்தின் பிரண்ட்லண்ட் அறிக்கையிலேயே வந்துவிட்டது. நிலைத்தன்மை அறிவியல் என்று ஒரு துறையாக அது பேசப்பட்டது பின்னால்தான். 2001-ல் ராபர்ட் கேட்ஸும் இன்னும் பல ஆய்வாளர்களும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அதற்கு முக்கியமானது. இந்தத் துறை செய்வது இதுதான்: மனிதரும் இயற்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற இடத்தில் எழும் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, எந்தத் துறை அறிவு தேவையோ அதையெல்லாம் கூட்டி, அதில் பாதிக்கப்படுகிற மக்களையும் சேர்த்துக்கொண்டு விடை தேடுவது. மேடையில் சொல்ல வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மீதி நேரம் முழுக்க ஒரே ஒரு கேள்வி. எண்ணெய்க் கசிவு, குப்பைமேடு, மணலிக் காற்று, துறைமுகம் என்று எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் அடுக்கினால் பிள்ளைகள் மனம் சோர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள். நான் எடுக்கச் சொல்லும் கேள்வி இது: இந்த அறையில் ஓடுகிற மின்விசிறிக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்?

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட். பதின்மூன்று மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட் அனல்மின் நிலையத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால் அரை கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட 700 கிராம் வரை நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். ஆக, ஒரு யூனிட்டுக்கு 200 கிராம் அளவுக்குச் சாம்பல். இதைப் பலகையில் எழுதிக் காட்டாதீர்கள், பிள்ளைகளையே கணக்குப் போட விடுங்கள். போட்டு முடித்ததும் 200 கிராம் மணலைக் கட்டிய ஒரு பையை மேசையில் வையுங்கள். நிஜச் சாம்பல் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. பையைக் கையில் வாங்கிப் பார்த்தபின் அறையே வேறு மாதிரி ஆகிவிடும். அப்புறம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டும் 1,830 மெகாவாட், பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையத்தில் இன்னொரு 1,500 என்று சொல்லி, முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளுக்கு எவ்வளவு சாம்பல் வரும் என்று கேளுங்கள். அந்தச் சாம்பலில் ஒரு பங்கு சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. இன்னொரு பங்கு தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குட்டைக்குப் போகிறது. குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆற்றில் இறங்குகிறது, ஆறு மேடேறுகிறது, ஆழம் குறைந்த இடத்தில் இறாலும் குறைகிறது, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் சாம்பல் சேற்றில் நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கேயே நிறுத்திவிட்டால் நீங்கள் நடத்தியது கண்டனக் கூட்டம். அதற்கும் இடம் உண்டு, ஆனால் இன்றைக்கு அறிவியல் பேசுகிறோம், அதனால் கணக்கைக் குழப்புகிற விஷயத்தையும் நீங்களே கொண்டுவாருங்கள். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் ஒரே மின்தொகுப்பில்தான் (கிரிட்) கலக்கிறது. கல்லூரி திறக்கிற ஜூன், ஜூலை என்பது குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுகிற பருவம். அப்படியானால் அனல்மின் நிலையம் எதற்கு? காற்று ஓய்ந்தால் என்ன செய்வது, சூரியன் இறங்கிய பிறகு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் ஏசியும் போடும்போது யார் கொடுப்பது, சேமித்து வைக்க என்ன செலவு, அந்தச் செலவு யார் தலையில்? ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு துறை தேவைப்படுகிறது பாருங்கள். இயற்பியல் பிள்ளை சேமிப்பைப் பேசுவான், வணிகவியல் பிள்ளை செலவைப் பேசுவாள். தமிழ் இலக்கியம் எடுத்தவர்கள் நமக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனுக்கும் மீனவர் குப்பத்துப் பெரியவர்கள் வைத்திருக்கிற பெயர்களைச் சேகரிப்பது ஆறு எப்படி மாறியது என்பதற்கான பதிவு. அதை அவர்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

துறைவாரியாக உட்கார வைக்காமல் ஏழெட்டுப் பேராகக் கலந்து வட்டமாக உட்கார வையுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் நாளே வாயை மூடிக்கொண்டால் மூன்று வருடமும் திறக்காது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: அந்த அறையில் காட்டுக்குப்பத்து மீனவர் மகளும் இருப்பாள், சாம்பல் லாரி ஓட்டுகிறவர் மகனும் இருப்பான், மணலியில் ஒப்பந்த வேலை பார்க்கிற அப்பாவின் சம்பளத்தில் ஃபீஸ் கட்டியவர்களும் இருப்பார்கள். யாருடைய அப்பாவும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி பேச்சு போகக் கூடாது. அதேபோல, "நீ எண்ணூர்தானே, உன் கஷ்டத்தைச் சொல்லு" என்று யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகும் வலையும் வீணாய்ப் போன வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். சொல்லத் தோன்றினால் அவர்களாகச் சொல்லட்டும். ஒரு வருடம் லாரி ஓட்டுநர் மகன் ஒருவன் எழுந்து, தார்ப்பாய் போட்டு மூடாமல் லோடு கிளப்பச் சொல்கிறவர்கள் யார், ஏன் என்று பொறுமையாக விளக்கினான். புத்தகத்தில் கிடைக்காத விஷயம் அது. அப்படிப் பேசுகிற தைரியம் வரும் அளவுக்கு அறையைப் பத்திரமாக வைப்பதுதான் உங்கள் வேலை.

விருந்தினர் வேண்டுமென்றால் ஒரு மீனவரையோ மீன் விற்கும் அம்மாவையோ அழையுங்கள். தேதியை அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள், காலையில் கடலும் சந்தையும் இருக்கும். வெளியூர்ப் பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியம், அதே வண்டி வசதி. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிற பாடு முறையைப் பற்றி விவரம் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பொதுச் சொத்தை மக்களே விதி போட்டுக் காக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. அந்த மாதிரி ஒரு ஏற்பாடு பொன்னேரி தாண்டியதும் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

டீயும் சுண்டலும் போதும். தண்ணீருக்கு கேனும் எவர்சில்வர் டம்ளரும்.

கலைவதற்கு முன் மூன்று வேலைகளை ஆள் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவை ஒரு குழு தினமும் குறித்து வரட்டும்; நம் நாட்டு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்பதே அடுத்த கூட்டத்துக்கான தலைப்பு. இன்னொரு குழு கல்லூரியின் மின்கட்டண ரசீதை வாங்கி, மின்விசிறிகளை 30 வாட் வகைக்கு மாற்றினால் எத்தனை யூனிட் மிஞ்சும் என்று பார்க்கட்டும். மூன்றாவது குழு சாம்பல் கணக்கைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடட்டும்; கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

பதில் வந்ததும் ஒரு சனிக்கிழமை எல்லாரும் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து அத்திப்பட்டு புதுநகர் வரை போய் வாருங்கள். எண்ணூர் தாண்டியதும் ரயில் ஆற்றைக் கடக்கும், ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். கல்லூரி அனுமதிக் கடிதமும் தொப்பியும் மறக்க வேண்டாம். குப்பத்துக்குள் போவதாக இருந்தால் முதல் நாளே அங்கிருக்கும் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிடுங்கள், கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், சேற்றில் யாரும் இறங்க வேண்டாம்.