புது பைக் ரன்-இன்: முதல் 1000 கிலோமீட்டரைச் சென்னையில் ஓட்டும் முறை

ஷோரூமில் சாவியைக் கையில் கொடுக்கும்போதே ‘ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க’ என்று சொல்லி அனுப்புவார்கள். புது எஞ்சினைப் பக்குவமாகப் பழக்கும் இந்த ‘ரன்-இன்’ விஷயத்தில் அது பாதிதான் உண்மை. வேகம் மட்டும் புது எஞ்சினைக் கெடுப்பதில்லை. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதும், டாப் கியரில் திணறத் திணற இழுப்பதும் அதே அளவுக்குக் கெடுக்கும்.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காது. ஹோனிங் (கல்லால் தேய்த்தல்) செய்த மெல்லிய கோடுகள் வலை பின்னியதுபோல் குறுக்கும் மறுக்குமாக ஓடும். ஆயில் தங்குவது அந்தப் பள்ளங்களில். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி உரசித் தன் இடம் பிடிப்பது மேடுகளில். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவதில் பெரும்பங்கு எரியும் வாயுவின் அழுத்தத்துக்கு. எஞ்சினுக்கு வேலைப் பளு (லோடு) ஏறினால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். உருட்டிக்கொண்டே போனால் ரிங் உட்காராது, ஆயில் கருகிச் சுவரில் பூச்சாகப் படிந்துவிடும். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். அதற்காக முழுசாக முறுக்கினாலும் ஆபத்துதான்: உரசும் இடம் கொதித்துக் கீறல் விழும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு ரெட்லைனில் (எஞ்சின் சுழற்சி தாண்டக் கூடாத உச்ச வரம்பு) பாதி. அதாவது ரெட்லைன் 10,000 என்றால் 5,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்). அடுத்த 500-க்கு 6,500 வரை போகலாம். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியில் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்காதீர்கள். ஒவ்வொரு கியருக்கும் மேனுவல் சொல்லும் வேகத்தைத் தாண்டாதீர்கள். மேனுவலில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் கணக்கு, வாரண்டியும் அதை வைத்துத்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் ஓடவிட்டுக் கிளம்புங்கள், நின்ற இடத்தில் உறுமவிட வேண்டாம். முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக. அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் கியர் மாற்றி ஓட்டுவது ரன்-இன்னுக்கு நல்லதே. நிற்பதுதான் கெடுதல்: ஏர்-கூல்டு எஞ்சின் பெரும்பாலும் ஓடும்போது அடிக்கும் காற்றில்தான் குளிரும். கத்திரி வெயிலில் சிக்னல் அரை நிமிடத்துக்கு மேல் காட்டினால் அணைத்துவிடுங்கள். கத்திப்பாரா மேம்பாலம் போன்ற ஏற்றங்களில் ஏறும் முன்பே ஒரு கியர் குறையுங்கள். வண்டி அதிர்ந்து ‘டக டக’ என்று தட்டினால் கியர் பெரிது என்று அர்த்தம்; முறுக்கினால் தீராது.

வார இறுதியில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகலாம், ஆனால் அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாலை காலியாக இருக்கும், கை அப்படியே 60-இல் நின்றுவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 40-லிருந்து 55-க்குக் கொஞ்சம் அழுத்தமாக ஏற்றி, கிளட்ச் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மட்டும் மூடி மீண்டும் 40-க்கு இறங்க விடுங்கள். மூடும்போது உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை ரிங் வரைக்கும் இழுத்து, தேய்ந்த துகளைக் கழுவும். திருவான்மியூரில் கிளம்பினால் கோவளத்தில் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 500 வரை பின்னால் ஆள் ஏற்றாமல் இருப்பது நல்லது. புது டயரும் பிரேக் பேடும் பழக 200 கிலோமீட்டராவது ஆகும்; அதுவரை வளைவில் படுக்காதீர்கள், முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள்.

முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. லேபர் இலவசம், ஆயிலுக்குத்தான் காசு. ஆயில் இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் பாருங்கள்: வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுக்கும். அது ரிங்கும் கியரும் பழகிய தேய்மானம். விரலிடுக்கில் நறநறவென்று தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் விடாதீர்கள், அங்கேயே காட்டிக் கேளுங்கள். டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), செயின் தளர்வு, கிளட்ச் கேபிள் மூன்றையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

புது ஆயில் மேனுவல் சொல்லும் கிரேடாகவும் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையோடும் இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. அளவுக்கு மேல் ஊற்றினால் மிச்சம் பிரீதர் (எஞ்சினின் காற்றுப்போக்கிக் குழாய்) வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும்.

அதன் பிறகு 2,000 கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்து மூன்று நிமிடம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். வெளியே கசிவே இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கினால், டாப்-அப் செய்து சமாளிக்காமல் அந்த அளவோடு வண்டியை வாரண்டியில் கொண்டுபோய் விடுங்கள்.