மனச்சோர்வும் கூடுதல் எடையும் உள்ள பெண்களுக்கு உணவுமுறை: தொடங்கும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துச் சமையலை மனத்தில் வைத்து இந்த முறையை எழுதுகிறேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் பெண்ணிடம் "வாயைக் கட்டு" என்று சொல்பவர்கள், பசியையும் தூக்கத்தையும் எழுந்து சமைக்கும் தெம்பையும் அந்நோயே குலைத்துவிடுகிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே இங்கே பட்டினிக்கு இடமில்லை.

படி 1: முதலில் மருத்துவர்

மிர்டாசபின், பராக்சிடின், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு எடையைக் கூட்டும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் எடையும் சேர்ந்தே வரும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தை உட்கொள்பவர்கள் உப்பைத் திடீரெனக் குறைத்தாலோ, நீர் அருந்தாமல் விரதம் இருந்தாலோ, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடைக் குறைப்பில் தாமாக இறங்க வேண்டாம்.

படி 2: அளவு

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (BMI; எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். எண்ணைக் கண்டதும் மனம் உடைகிறது என்றால், எடைக்கருவியை ஒதுக்கிவிட்டு மாதம் ஒருமுறை இடுப்பை மட்டும் அளந்துகொள்ளுங்கள். முதல் இலக்காக, இப்போதைய எடையில் 5 விழுக்காடு சில மாதங்களில் குறைந்தால் அதுவே நல்ல பலன்.

படி 3: நேரம்

முதல் இரண்டு வாரங்களுக்கு என்ன உண்கிறோம் என்பதைத் தொடாமல், எப்போது உண்கிறோம் என்பதை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். காலை உணவைத் தவிர்த்து, பிற்பகல் வரை கட்டஞ்சாயாவில் (பாலில்லாத தேநீர்) ஓட்டிவிட்டு, இரவில் மொத்தமாக உண்பதே பலரிடம் காணப்படும் பழக்கம். எனவே மூன்று வேளைக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தட்டு

இனித்தான் உணவில் கைவைக்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது கிழங்கு, கால் பங்கு மீன், முட்டை, பயறு ஆகியவற்றில் ஒன்று. நம் ஊர்ச் சமையலில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. புட்டைப் பாதியாக்கி, பயற்றையோ கடலைக்கறியையோ இருமடங்காக்குங்கள். மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) விட்டுவிட வேண்டாம். ஆனால் கிழங்கு உண்ணும் வேளையில் சோறு வேண்டாம். சாளை மீனில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு, விலையும் மலிவு; அதைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ், கீரை என எந்தத் துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) நல்லதே, துருவிய தேங்காயை மட்டும் அளந்து போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருப்பதால், குப்பியிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றும் பழக்கத்தைக் கைவிட்டாலே கணிசமாகக் குறையும். மாலையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸுக்குப் பதில் புழுக்கிய ஏத்தன்பழம் பாதி போதும்.

இத்தகைய உணவு மனத்துக்கும் உதவும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மற்றவர்களுக்குப் பேச்சுத்துணையும் கிடைத்தன. முதல் பிரிவில் 32 விழுக்காட்டினருக்கும் மற்றதில் 8 விழுக்காட்டினருக்கும் சோர்வு தணிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாமலே மனம் தேறியது என்பதால், எடை அசையாத வாரத்தில் இம்முறையைக் கைவிடுவதற்குக் காரணமில்லை.

படி 5: எழவே முடியாத நாள்

அப்படிப்பட்ட நாள் வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். அவித்த முட்டை, ஊறவைத்த பயறு, தயிர், பழம் ஆகியவை வீட்டில் இருக்கட்டும். அன்று அளவு பார்க்க வேண்டாம், உண்டால் போதும். வீட்டார் செய்யக்கூடிய பேருதவி, தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லாமல் இருப்பதும், காய் நறுக்கித் தருவதும்தான்.

கட்டுப்படுத்த முடியாமல் மறைவில் மிகுதியாக உண்பதோ, உண்டபின் வாந்தி எடுப்பதோ இருந்தால், எடைக் குறைப்பை நிறுத்திவிட்டு அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் உடனே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள்; கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.