அகப்படாத எஸ்

சேலத்தில் ஆங்கில இலக்கியம் முதுகலை பயிலும் நான், 1667-இல் அச்சான மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் முதற்பதிப்பு ஸ்கேன் கோப்பில் 'ஸ்வீட்' என்னும் சொல் வரும் இடங்களைத் திரட்ட முயன்றபோது, கண்ணெதிரே இருந்த சொல்லைக்கூடத் தேடல் இல்லை என்றே காட்டியது. ஐந்து ரோடு பகுதியிலுள்ள பிரவுசிங் சென்டரில் கோப்பை மீண்டும் பதிவிறக்கினேன். பிடிஎஃப் செயலியையும் மாற்றினேன். மூன்று நாட்கள் வீணாயின. எஸ் உள்ள சொற்களில், அவ்வெழுத்து இறுதியில் மட்டும் வருபவை ஒழுங்காகக் கிடைத்ததே துப்பாக அமைந்தது. அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் சிறிய எஸ், ஏறக்குறைய எஃப் போன்ற நெட்டை வடிவில் இருக்கும். இறுதியில் வருவது இன்றைய வடிவமே. பக்கப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அந்த நெட்டை எழுத்தை எஃப் என்றே படித்திருந்தது. (பாவத்தைக் குறிக்கும் 'சின்' இதனால் 'ஃபின்', அதாவது மீன்துடுப்பு, ஆகிவிடும்!) முதலெழுத்தை எஃப் என மாற்றித் தேடியதும் இடங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றையும் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டேன்.