பனிக்காலம் முடிந்ததா என்று கண்டறியும் வழி

பாலக்காட்டுப் பக்கத்துக் கோவிந்தாபுரத்திலும் முதலமடையிலும் மாசி பிறந்துவிட்டால் தேநீர்க் கடைகளில் ஒரே வழக்குதான்: பனி போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா? நண்பகல் வெயிலைக் காட்டி, போய்விட்டது என்பார் ஒருவர். "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியை எடுத்துவைப்பார் மற்றொருவர். நாட்காட்டியும் இருவருக்கும் சார்பாகப் பேசும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் குளிர்காலம் பிப்ரவரியோடு முடிகிறது; தமிழ் மரபில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையில்தான் இளவேனில். ஆகவே உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்களே அளந்து பார்ப்பதுதான் நல்லது.

ஒரு நாளின் மிக உயர்ந்த வெப்பத்தையும் மிகத் தாழ்ந்த வெப்பத்தையும் பதிந்துவைக்கும் வெப்பமானியை, தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, தினமும் காலை 8.30 மணிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டுச் சுவர் அருகில் இருக்கக் கூடாது. நான் முதல் ஆண்டு அதைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு, தை மாதத்திலேயே குளிர் போய்விட்டதென்று அறிவித்து ஏளனத்துக்கு ஆளானேன்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது பகல் அன்று, இரவு. வானம் தெளிந்து காற்று வறண்டிருக்கும்போது நிலம் தன் வெப்பத்தை இரவில் விரைவாக இழந்துவிடுவதால், மதியம் சுட்டெரித்த அதே ஊரில் விடியலில் போர்வை தேடவேண்டியிருக்கும். மேகம் மூடிய இரவிலோ அந்த வெப்பம் வெளியேறாமல் தங்குவதால், குளிர்காலத்தின் நடுவிலும் வெப்பமானி உயர்ந்து நின்று நம்மை ஏமாற்றும். எனவே தெளிந்த இரவுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். அடுத்தடுத்து வரும் ஐந்து தெளிந்த இரவுகளின் மிகத் தாழ்ந்த வெப்பத்தின் சராசரி, ஜனவரியின் தெளிந்த இரவுகளுடைய சராசரியைவிட 2 டிகிரி செல்சியசாவது கூடியிருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு.

விடியலில் வண்டி இருக்கை நனையவில்லை என்பதை மட்டும் சாட்சியாக ஏற்காதீர்கள். காற்றில் ஈரம் குறைந்தால், குளிர் இருக்கும்போதே பனித்துளி நின்றுவிடும்.

அடுத்தது காற்று, எங்கள் பக்கத்தில் இதுவே வலுவான சாட்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்காலம் முழுவதும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வேகமாக வீசும். மாலை நான்கு மணிக்கு மேல் மேற்கிலிருந்து அரபிக்கடலின் ஈரக்காற்று வந்து, வியர்வை உலராமல் உடலில் ஒட்டத் தொடங்கினால் பருவம் திரும்புகிறது என்று கொள்ளலாம். கம்பத்தில் கட்டிய ஒரு துணிக்கீற்றே திசை காட்டப் போதும்.

மரங்களை நம்புவோர் மாம்பூவைச் சேர்க்க வேண்டாம், அது குளிரிலேயே பூப்பது. சரக்கொன்றையும் சித்திரைப் பிறப்பில் வரும் விஷுவுக்காகக் காத்திருப்பதில்லை.

இரவும் காற்றும் ஒத்துப்போன நாளைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பிறகு இரண்டு விடியல்கள் குளிர்ந்தாலும் அதை அழிக்காமல் பக்கத்தில் குறிப்பிட்டால் போதும். பக்கத்து வீட்டு அண்ணன் சிவராத்திரியையே எல்லையாக வைத்திருக்கிறார். அந்தத் தேதிக்கும் நான் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்.