மாமியாரின் முன்னோரைத் தேடி ஈம் கிராமத்துக்கு: ஆங்கிலேயத் தேவாலயப் பங்குப் பதிவேட்டைப் படிப்பது எப்படி

என் மாமியார் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் ஈம்தான் பூர்வீகம் என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'இயாம்' என்று வரும், ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வது ஈம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு பிளேக் நுழைந்ததும், பாதிரியார் வில்லியம் மாம்பெசன் பேச்சைக் கேட்டு வெளியே யாரும் போகாமல் தங்களையே அடைத்துக்கொண்ட ஊர் அது. தமிழ்க் காதுக்கு ஈமச்சடங்கு நினைவு வரத்தான் செய்கிறது. போன குளிர்காலத்தில் சும்மா தேட ஆரம்பித்து 1720 வரை போய்விட்டேன். போன வழி இது.

பிளேக்கிலிருந்து தொடங்காதீர்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் அரசுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. அதுவரை போக ஃப்ரீபிஎம்டி தளம் போதும், காசு வேண்டாம். தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் தெரிய வேண்டுமென்றால் மட்டும் அரசுப் பதிவகத்தின் இணைய அட்டவணைக்குப் போங்கள். ஃப்ரீபிஎம்டியில் 1911க்கு முந்தைய பிறப்புகளில் அது இருக்காது. கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பாருங்கள். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் இருக்கும். அதுதான் எந்தப் பங்குக்கு, அதாவது எந்தத் தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதிக்கு, போவது என்று காட்டும்.

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான் கதி. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கத் தொடங்கியது. கவனியுங்கள்: பிறந்த தேதியல்ல, ஞானஸ்நானத் தேதி. ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் என்ற இரண்டு இணையதளங்களிலும் இலவசமாகத் தேடலாம். குடும்பப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் பெயரின் நடுவில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். பக்கத்து ஊர் என்பதால் பங்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டோனி மிடில்டன் ஈமிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் அது ஹாதர்சேஜ் பங்கைச் சேர்ந்தது. மதியம் முழுக்க இதில் போனது எனக்கு.

சரி, என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். ஒரு தம்பதிக்கு 1720 ஏப்ரலில் கல்யாணம். அவர்களின் மூத்த பிள்ளைக்கு 1720 பிப்ரவரியில் ஞானஸ்நானம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஞாயிறு மதியச் சாப்பாட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். மாமியார் முகம் சுருங்கிப் போனது.

தப்பு என் மேல். இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25. நம் பஞ்சாங்கத்தை நினைத்தால் புரிந்துவிடும்: சித்திரையில் பிறக்கும் ஆண்டுக்கு மாசி கடைசிப் பக்கத்தில்தானே வரும்? அதுபோல் 1720 ஏப்ரலுக்குப் பிறகு பத்து மாதம் கழித்து வருவதுதான் 1720 பிப்ரவரி. நம் கணக்கில் அது 1721. 1752இலிருந்துதான் ஜனவரி 1 புத்தாண்டானது. அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான பழைய தேதிகளை 1720/21 என்று இரண்டு ஆண்டும் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில அட்டவணைகள் ஆண்டை மாற்றிப் போட்டிருக்கும், சில அப்படியே விட்டிருக்கும். மூலப் பக்கத்தின் படத்தில் மேலும் கீழும் உள்ள பதிவுகளைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஞாயிறு இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

படம் இணையத்தில் இல்லையென்றால் மாட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக்காப்பகம். பக்கம் கிழிந்திருந்தால், 1598 முதல் பங்குகள் ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய நகல்களைத் தேடுங்கள். 1640, 50களில் உள்நாட்டுப் போரால் பல ஊர்ப் பதிவேடுகளில் ஓட்டை உண்டு, அதற்கு மருந்து கிடையாது. சந்தா கட்டும் தளங்களில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். நான் பார்த்த ஒன்றில் தாயைவிட மகனுக்கு ஏழு வயது அதிகம்.

கல்லறைகளையும் அதிகம் நம்ப வேண்டாம். பிளேக் காலத்தில் ஈமில் அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே வயலில் புதைத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். அந்த இடம் கோயில் வளாகத்தில் இல்லை, ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது.

பிற்சேர்க்கை: 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 25 வயதுக்காரர், 1851இல் எப்படி 38 ஆனார் என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அதே ஆள்தான். 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 25 என்றால் 25 முதல் 29க்குள் எதுவும் இருக்கலாம். சில கணக்கெடுப்பாளர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் சரியான வயதையே எழுதியதும் உண்டு, அதனால் வயதை மட்டும் பார்த்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.